ஓடைக்கரைச் சமதரை

சரவணா,

காண்ட்ராக்டர் இசக்கி உனக்குப் போன் போட்டுச் சொன்னது உண்மைதான். ஓடைக்கரைச் சுவரை இடித்தது யாரோ வேண்டாதவன் இல்லை. ஜே.சி.பி.யைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தி, எந்த இடத்தில் இடிக்க வேண்டும் என்று கையைக் காட்டியது நான்தான். அதற்கப்புறம் நீ என் போனை எடுக்கவில்லை. எடுத்தாலும் நாம் ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடுவதில்லை. மஸ்கட்டில் வேலை முடிந்து அறைக்கு வந்து, சாப்பிட்டு, கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிற நேரமாகப் பார்த்து இதைப் படி. காவல் நிலையத்தில் ரைட்டராகவே காலத்தைக் கழித்தவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் எழுதத்தான் எனக்கு வரும். அப்படியே எழுதுகிறேன்.

நீ கேட்ட ஒரு கேள்வியில்தான் இது தொடங்கியது. ஐந்தருவி சாலையிலிருந்து இறங்கினால் வருகிற அந்த ஓடைக்கரை இடத்தை விடுதி கட்ட நீ வாங்கியபோது, பத்திரம் முடிக்க லீவு கிடைக்காததால் என் பேரில் எழுதினோம். அறைகள் எழும்பி, பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. இந்த சீசனிலேயே திறந்துவிட வேண்டும், ஆவணியில் உன் கல்யாணத்துக்கு அருப்புக்கோட்டையிலிருந்து வருகிற பெண் வீட்டாரை அங்கேயே தங்க வைக்க வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தாய். அப்போதுதான் ஒருநாள் கேட்டாய், நம் பூட்டன் குற்றாலத்தில் லாட்ஜ் நடத்தினாராமே, அது எந்த இடத்தில் இருந்தது என்று. கண்டுபிடித்துச் சொன்னால், நான்கு தலைமுறையாக இதே தொழில் என்று வாசலில் கல்வெட்டு மாதிரி ஒன்று வைக்கலாம் என்றாய். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ரிட்டயர் ஆனபின் விசாரித்து முடிக்க எனக்கென்று ஒரு கேஸ் கிடைத்தது போல இருந்தது.

என் தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. சீசனுக்கு வருகிறவர்களுக்கு அறையும் சாப்பாடும் கொடுத்தார், பிறகு மலைக்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டுத் தென்காசியில் மளிகைக்கடை வைத்தார். வீட்டில் இவ்வளவுதான் சொல்லப்பட்டது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சாரல் விழுந்ததும் ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குக் கிளம்பும். எங்கள் வீட்டிலிருந்து மட்டும் யாரும் போக மாட்டோம். சளி பிடிக்கும் என்பார் என் அப்பா. நீ முதல் வகுப்பு படிக்கும்போது அழுது அடம்பிடித்தாய்; அவருக்குத் தெரியாமல் உன்னை ஸ்கூட்டரில் வைத்துப் பேரருவிக்குக் கூட்டிப்போனேன். உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னமோ. திரும்பி வரும்போது அப்பா தெருமுனையில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். உன் தலையில் கையை வைத்து, முடி ஈரமாக இருப்பதைத் தடவிப் பார்த்துவிட்டு, உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்று முழுக்க உன்னைக் கீழே விடவில்லை. வயசானவருக்குப் பேரன் மேல் அளவுக்கு மீறிய பாசம் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அது பாசம் மட்டும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

விசாரணையைக் குற்றாலம் கடைவீதியில் தொடங்கினேன். மூன்று தலைமுறையாக எண்ணெய்க்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருவர் என்னை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பழைய விடுதிகள் எவை எங்கே இருந்தன என்று ஆர்வமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தாத்தாவின் பெயரைச் சொன்னதும், அவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்டார். பேரன் என்றேன். கொஞ்ச நேரம் பாட்டில்களைத் துடைத்தார். ஐந்தருவிப் பாதையில் ஓர் ஓடை உண்டு, அதன் கரையில் இருந்ததாக அவருடைய அப்பா சொல்லியிருக்கிறார், அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றார். தெரியாது என்று சொல்கிறவர்களின் முகத்தை எத்தனையோ வருஷம் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவன் நான். அவருக்குத் தெரிந்திருந்தது. கிளம்பும்போது, "அங்கன இப்ப யாரோ கட்டுதாங்கன்னு கேள்விப்பட்டேன், யாரு அண்ணாச்சி அது?" என்று கேட்டார். என் மகன்தான் என்று சொல்ல எனக்கு ஏனோ வாய் வரவில்லை.

நேராக நம் இடத்துக்குப் போனேன். அந்த ஓடையை மேலிருந்து கீழே சிற்றாறு வரைக்கும் நடந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் சரிவும் பாறையுமாகத்தான் இருக்கிறது. பெரிய கல்யாணப் பந்தல் போடுகிற அளவுக்குச் சமமான தரை நீ வாங்கிய இடம் ஒன்றுதான். அது எப்படி அங்கே மட்டும் சமமாக இருக்கிறது என்று வாங்கும்போது நீயும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. உன் காண்ட்ராக்டர் இசக்கியிடம் கேட்டேன். அவன் ஓடைக்கரைச் சுவரைக் காட்டி, "அஸ்திவாரம் தோண்டுனா அடியில பழைய கருங்கல் கட்டு, சார். சுண்ணாம்புச் சாந்து. கடப்பாரை இறங்க மாட்டேங்கு. அவ்வளவு கெட்டி. அதுமேலயே கான்கிரீட்ட ஏத்திட்டேன்" என்றான். வேலை மிச்சமானதில் அவனுக்குப் பெருமை. தாத்தாவின் விடுதி இருந்த இடத்தைத் தேடி அலைந்தேனே, அந்த மண்ணின் மேலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். அங்கிருந்தே உன்னைக் கூப்பிட்டேன். நீ சந்தோஷத்தில் கத்தினாய். "பாத்தீங்களாப்பா, மண்ணு நம்மளக் கூப்பிட்டிருக்கு" என்றாய். நானும் ஆமாம் என்றேன்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் மத்தியானம் நான் அங்கே இருக்கும்போது தண்ணீர் வந்தது. கீழே நல்ல வெயில். மலைமேல் மட்டும் கருத்திருந்தது. பாதம் நனைய ஓடிக்கொண்டிருந்த ஓடை திடீரென்று செம்மண் நிறமாக மாறி, சருகும் குச்சியுமாக வர, கொத்தனார்கள் வேடிக்கை பார்க்கக் கரைக்கு ஓடினார்கள். வாருங்கள் மேலே என்று சத்தம் போட்டு எல்லாரையும் சாலைக்கு ஏற்றினேன். கலவை மெஷின் உருண்டு போனதைப் பார்த்தோம். தண்ணீர் சுவரின் முக்கால் உயரத்துக்கு ஏறி, சுவரில் மோதி, மறுபக்கமாகத் திரும்பிப் போனது. வந்த வேகத்திலேயே வடிந்தும் விட்டது. அறைகளில் ஒரு சொட்டுக்கூட இல்லை. இசக்கி சுவரைத் தட்டிக் காட்டி, நின்றுவிட்டது பார்த்தீர்களா என்றான். நான் எடுத்த வீடியோவை உனக்கு அனுப்பினேன். நீ அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் எல்லாம் போட்டு, நம் சுவரின் பலத்தைப் பாருங்கள் என்று எழுதியிருந்தாய்.

அந்த வீடியோவோடுதான் உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீரகேரளம்புதூருக்குப் போனேன். என் அப்பாவின் தங்கை ராமலட்சுமி அத்தை அங்கே மகன் வீட்டில் இருக்கிறாள். உனக்கு அவளை அதிகம் தெரியாது. நம் வீட்டு விசேஷங்களுக்கு வந்து வாசல் பக்கமாகவே உட்கார்ந்துவிட்டுப் போகிறவள். தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டாள். பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். இடம் கிடைத்தது, அது தாத்தாவின் இடம், பழைய சுவர் மேலேயே புதுச்சுவர், தண்ணீர் வந்தும் அசையவில்லை. போனை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்து வீடியோவையும் காட்டினேன். முழுவதும் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"எய்யா, சுவரு நின்னுட்டுன்னு இவ்வளவு சந்தோசமாச் சொல்லுதியே" என்றாள். "எங்க காலத்துலயும் மொத வருசம் நின்னுச்சு. அப்பா கெடா வெட்டிப் பொங்கல் வச்சாரு. அடுத்த வருசந்தான் நிக்கல."

அவள் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். அந்த இடத்தில் முதலில் தரையே கிடையாது. ஓடைதான் அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. என் தாத்தா பாதி ஓடையில் சுவரை எழுப்பித் தண்ணீரை ஒதுக்கிவிட்டு, உள்ளே மண்ணைக் கொட்டி நிரப்பி, அதன்மேல் அறைகள் கட்டினார். சாப்பிடும்போதே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் என்று ஆட்கள் விரும்பி வந்தார்கள். ஒரு சீசனில் மத்தியானப் பந்தி நடந்துகொண்டிருந்தது. வெளியே வெயில். அத்தை சின்னப் பிள்ளை. தங்க வந்திருந்த ஒரு குடும்பத்துச் சிறுமியோடு கரையில் கூழாங்கல் பொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலங்கத் தொடங்கியது. மேலே எங்கோ கல் உருளுகிற சத்தம். தாத்தா கரைக்கு வந்து ஓடையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். உள்ளே போய் மனைவியைக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாலைக்குப் போய்ப் பழம் வாங்கு என்றார். என் அப்பாவையும் அத்தையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாட்டி மேடேறினாள். அந்தச் சிறுமி, நானும் வருகிறேன் என்று பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அப்பா அவளத் தடுத்து, 'நீ போயி சாப்பிடு தாயி, எல போட்டுட்டாங்க'ன்னு உள்ள அனுப்புனாரு. பொறவு அவரும் எங்க பின்னால ஏறி வந்துட்டாரு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றாள் அத்தை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அடுத்த வருசம் யாரு வந்து தங்குவா? சுவரு நிக்கும்னுதான் நெனச்சேன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. நிக்கும்னு நெனச்ச மனுசன் எங்கள மட்டும் எதுக்கு மேட்டுக்கு அனுப்புனாரு? அத நானும் கேக்கல, உங்க அப்பாவும் கேக்கல. அந்தப் பிள்ள பேரு எனக்கு இப்பவும் தெரியும். உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

தண்ணீர் சுவரின் மேல்பாதியையும் அறைகளையும் வாரிக்கொண்டு போயிற்று, அடிக்கட்டும் தரையும் மட்டும் மிஞ்சின. எத்தனை பேர் போனார்கள் என்று அவள் சொல்லவில்லை. பந்தியில் இருந்தவர்களில் ஒருவரும் எழுந்து வரவில்லை என்று மட்டும் சொன்னாள். மலைத்தண்ணீரை யார் என்ன செய்ய முடியும் என்று ஊர் பேசியது. அதிகாரிகள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். தாத்தா தென்காசிக்கு வந்து மளிகைக்கடை வைத்து, நல்ல பேரோடு, எல்லாரும் வணங்குகிற மனிதராக இருந்து செத்தார். அந்தச் சம்பவத்தையும் என்னைப் போல ஒரு ரைட்டர்தான் எழுதியிருப்பான். 'எதிர்பாராத விதமாக வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டனர்.' குளத்தில், கிணற்றில், அருவியில் போனவர்களுக்காக இந்த வரியை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதும்போது கை நிற்காது. பஸ்ஸில் திரும்பி வரும்போது 'எதிர்பாராத' என்ற அந்த ஒரு சொல் என்னைப் போட்டு வாட்டியது. எனக்குத் தெரிந்துவிட்டது சரவணா. தெரிந்தவன் எதிர்பாராத விதமாக என்று எழுத முடியாது. இனிமேல் உன்னாலும் முடியாது.

வீட்டுக்கு வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். நீ என்னவெல்லாம் சொன்னாய் என்று உனக்கே தெரியும். அது கருங்கல்லும் சுண்ணாம்பும், இது கான்கிரீட், இன்ஜினியர் படம் போட்டுக் கொடுத்தது, காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது என்றாய். அடியில் இருப்பது அதே சுவர்தானே என்றேன். "நீங்க போலீஸ்காரரு. எதப் பாத்தாலும் உங்களுக்குப் பொணந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நீ அதை எப்படிக் கட்டினாய் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வராமல், நல்லது பொல்லாததைப் பார்க்காமல், அந்த வெயிலில் இத்தனை காலம் கிடந்து கட்டினாய். ஒவ்வொரு அறைக்கும் டைல்ஸ் நிறத்தை அங்கிருந்தே பார்த்துப் பார்த்துச் சொன்னாய். அதை இடிக்கிறேன் என்று எந்த அப்பனும் லேசாகச் சொல்ல மாட்டான். அதனால்தான் சில நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அறைகளைத் திறக்காமல் பூட்டிப் போடலாமா என்று யோசித்தேன். நான் இருக்கிறவரை பூட்டியிருக்கும். அப்புறம் நீயே திறப்பாய், இல்லை விற்பாய், வாங்குகிறவன் திறப்பான். அந்தச் சுவர் நிற்கிறவரை அந்தத் தரை சமமாக இருக்கும். சமமாக இருக்கிறவரை யாராவது வந்து அதில் பாய் விரித்துப் படுப்பார்கள். தாத்தா போனபின் அந்த இடத்தை விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒன்றும் சொல்லாமல்தானே அது சுற்றிச் சுற்றி நம் கைக்கே வந்தது?

உன் அம்மா, பிள்ளையிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றாள். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நான் உன் பேச்சைக் கேட்டுவிடுவேன் என்று பயந்து கேட்கவில்லை. காலையில் ஜே.சி.பி. வந்தது. இசக்கி குறுக்கே நின்று, உங்கள் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வேன் சார் என்று அழாத குறையாகக் கெஞ்சினான். இடம் என் பேரில் இருக்கிறது, பழி என்னோடு போகட்டும் என்றேன். மேலே இருந்த கான்கிரீட் சீக்கிரமே பெயர்ந்து வந்தது. அடியில் இருந்த கருங்கல் கட்டுதான் லேசில் விடவில்லை. ஆபரேட்டர் பல தடவை வண்டியைப் பின்னால் எடுத்து எடுத்து மோதினான். கடைசியில் ஒரு பெரிய கல் புரண்டது. உள்ளே தாத்தா கொட்டி நிரப்பிய மண் கறுப்பாக, ஈரமாக, ஒரு வாடையோடு சரிந்து ஓடைக்குள் விழுந்தது. வெயிலே படாமல் இத்தனை காலம் கிடந்த மண். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கும்பிட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மகனுக்குப் புத்தி சொல்லி எழுதுவது வழக்கம். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் இருக்கும். ஏதோ ஒன்றைப் பார்த்து நீ பயந்து, பெண்டாட்டி பிள்ளையை மட்டும் எழுப்பி மேட்டுக்கு அனுப்புகிற நேரம் உனக்கும் வரலாம். அப்படி வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடமும் அதை வாய் திறந்து சொல். தொழில் போனால் போகட்டும். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். என் அப்பா தெருமுனையில் வெறுங்காலோடு நின்றதை நினைத்துப் பார். சின்ன வயதில் மேட்டில் நின்று பார்த்ததை அவர் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். நான் உனக்கு அப்படி ஒரு வாழ்க்கையைக் கொடுக்க மாட்டேன். நீ என்னோடு பேசாமலேயே இருந்தாலும் பரவாயில்லை.

பெண் வீட்டாருக்குத் தென்காசியில் மண்டபத்து மாடியிலேயே அறைகள் சொல்லிவிட்டேன். இதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போது, நேற்று நம் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிற பவித்ராவே கூப்பிட்டாள். நீ அவளிடம் கோபமாகச் சொல்லியிருப்பாய் போல. நான் உனக்குச் சொன்ன அத்தனையையும் அவளிடமும் சொன்னேன். கடைசியில் கேட்டாள், "மாமா, எங்க அப்பா அம்மாவுக்கு அங்க எந்த ரூம் போட்டிருந்தீங்க?"

ஓடையைப் பார்த்த முதல் அறை என்றேன். நல்ல காற்று வரும், தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டே தூங்கலாம், உன் மாமனாருக்குப் பிடிக்கும் என்று நீயே பார்த்து ஒதுக்கியது. அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. சரி மாமா என்று வைத்துவிட்டாள்.

இன்று காலை மறுபடியும் மலை கருத்தது. கீழே வெயில்தான். நான் போய்ச் சாலையிலேயே நின்றுகொண்டேன், இறங்கவில்லை. தண்ணீர் போன தடவை வந்த அளவுகூட இல்லை. இடித்த இடத்தின் வழியாக அது உள்ளே வந்தது. மோதவில்லை, சத்தம் போடவில்லை. அறைகளுக்கு நடுவே வழி தெரிந்த ஆள் மாதிரி நடந்து போய், முதல் அறையின் கதவைத் தள்ளித் திறந்தது. இதை எழுத நான் அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அந்த அறையில் ஜன்னல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மலையில் இன்னும் மழை விடவில்லை.

அப்பா